மாரக்காளும் சத்தம் போடாத கரண்டுப் பெட்டியும்

பள்ளிபாளையத்தில் கட்டட வேலைக்குப் போகிற யாரை வேண்டுமானாலும் நிறுத்திக் கேளுங்கள், மாரக்காளைப் பற்றி ஒரே பேச்சாகத்தான் பேசுவார்கள். நல்லவள், உழைப்பாளி, ஆனால் சரியான சத்தக்காரி. மற்ற பெண்கள் சாந்துச் சட்டியைத் தலையிலிருந்து இறக்கி வைப்பார்கள். இவள் போடுவாள். அதுவும் கீழே ஜல்லி கிடக்கிற இடமாகப் பார்த்து டங்கென்று போடுவாள். மேஸ்திரி திரும்பி முறைத்தால், “கை நழுவிப் போச்சுங்ணா” என்பாள். நழுவுகிறதாவது! இத்தனை வருஷமாக இரும்புச் சட்டியைப் பிடித்த கை அது, வெண்ணெய் தடவிக் கொடுத்தாலும் நழுவாது. அவ்வளவும் வேண்டுமென்றே செய்த காரியம். புருஷனுக்காகச் செய்தது.

புருஷன் பெயர் சடையன். தங்கமான மனுஷன். குடிக்க மாட்டான், சீட்டாட மாட்டான், பெண்டாட்டியை ஒரு வார்த்தை கடிந்து பேச மாட்டான். ஒரே ஒரு குறை, பாடுவான். பாடுவது ஒரு குறையா என்று என்னிடம் சண்டைக்கு வராதீர்கள், நீங்கள் சடையன் பாடிக் கேட்டதில்லை. கதவுக் கீலுக்கு எண்ணெய் போடாமல் விட்டால் ஒரு சத்தம் வருமே, அதில் ஆரம்பிப்பான். அங்கிருந்து மேலே ஏறுவான். ஏறியவன் இறங்க வழி தெரியாமல் அங்கேயே நின்று தவிப்பான். ஒரு சினிமாப் பாட்டில் தொடங்கி இன்னொரு பாட்டில் நுழைந்து, இரண்டுக்கும் சம்பந்தமில்லாத மூன்றாவது இடத்தில் போய் முடிப்பான். கண்ணை மூடிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, அத்தனை சந்தோஷமாகப் பாடுவான். அந்தச் சந்தோஷம்தான் மாரக்காளை மாட்டிவைத்தது.

கல்யாணமான புதிது. ஊரில் மாரியம்மன் நோம்பி, திருவிழாக் கூட்டம். புதுமாப்பிள்ளை ஒரு பாட்டுப் பாடட்டும் என்று யாரோ வேலையற்ற ஆள் சொல்ல, மைக்கைக் கையில் கொடுத்துவிட்டார்கள். சடையன் கண்ணை மூடி ஆரம்பித்தான். கோயில் வாசலில் படுத்திருந்த நாய்கள் எழுந்து போயின. கூட்டம் முதலில் திகைத்தது, பிறகு சேலைத் தலைப்பையும் துண்டையும் வாயில் திணித்துக்கொண்டு குலுங்கியது. கடைசியில் ரேடியோ செட்டுக்காரன் பொறுக்கமாட்டாமல் வயரைப் பிடுங்கிவிட்டு, “கரண்டு போச்சுங்கோ!” என்று கத்தினான். தலைக்கு மேலே சீரியல் லைட்டு பச்சையும் சிவப்புமாக ஓடிக்கொண்டேதான் இருந்தது. கண்ணை மூடியிருந்தவனுக்கு அது எங்கே தெரியப் போகிறது?

“நல்லா ஏறி வந்துச்சு புள்ள, கரெக்டா அந்நேரத்துல கரண்டு போயிருச்சு பாரு, நம்ம கெரகம்” என்று வீடு வரைக்கும் புலம்பிக்கொண்டே வந்தான். மாரக்காளுக்குச் சிரிப்பு வரவில்லை, அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். இந்த மனுஷனைப் பார்த்து ஊர் சிரித்தது இவனுக்குத் தெரியவே கூடாது, இனிமேல் எவனும் சிரிக்கவும் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தாள். பாடாதே என்று சொல்லவும் மனசு வரவில்லை. அப்புறம் குமாரபாளையத்தில் சொந்தக்காரர் கல்யாணத்தில் பாடினான், அங்கேயும் கரண்டு போனது. ஒரு பெண்ணின் சடங்குச் சீர் வீட்டில் பாடினான், அங்கேயும் போனது. “நான் வாயத் தொறந்தா மட்டும் எப்படித்தான் போகுதோ!” என்று சடையன் ஆச்சரியப்பட்டான்.

மாரக்காள் யோசித்தாள். அவளுடைய பெரியப்பா மகன் ஒருவர் கட்டட வேலைகளுக்கு டீசல் ஜெனரேட்டர் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். அவர் காலில் விழாத குறையாக நின்று, அதைப் பார்த்துக்கொள்கிற வேலையைப் புருஷனுக்கு வாங்கிக் கொடுத்தாள். “கரண்டே போகாத வேலைங் மாமா, பக்கத்துல உக்காந்து உங்க இஷ்டத்துக்குப் பாடுங்” என்றாள். சடையனுக்கு அப்படியொரு சந்தோஷம். அவளும் அதே கட்டடங்களுக்குச் சித்தாளாகச் சேர்ந்துகொண்டாள்.

அந்த ஜெனரேட்டருக்கு வேலைக்காரர்கள் வைத்த பெயர் கருப்பன். அது விடுகிற புகையைப் பார்த்து வைத்த பெயர். கயிற்றைச் சுற்றி இழுத்தால் முதலில் இருமும், பிறகு முக்கும், பிறகு பிடித்துக்கொண்டு தடதடவென்று ஓடும். ஓட ஆரம்பித்துவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. அதனால் அந்தக் கூட்டத்தில் யாரும் வாயால் பேசுவதில்லை, எல்லாம் கைச் சாடைதான். தலையைத் தட்டினால் சட்டி வேண்டும். கட்டை விரலை வாய்க்கு நேராகச் சாய்த்தால் டீ. மீசையை முறுக்கினால், ஓனர் வருகிறார், ஒழுங்காக நில். அதையும் தாண்டிச் சொல்ல வேண்டியிருந்தால் காதுக்கு அருகே போய்த் தொண்டை கிழியக் கத்த வேண்டும். கருப்பன் நின்றால் டீ நேரம், திரும்ப நின்றால் சோற்று நேரம். கடிகாரம் யாருக்கு வேண்டும்?

அந்தச் சத்தத்துக்குள் சடையன் வருஷக்கணக்காகப் பாடினான். அவன் வாய் அசைவதைப் பார்த்தவர்கள் வெற்றிலை மெல்கிறான் என்று நினைத்தார்கள். ஒரே ஒரு சிக்கல் இருந்தது. கருப்பனை அவனே நிறுத்துவான், ஆனால் பாட்டு அதோடு நிற்காது. வால் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த வாலை மறைக்கத்தான் மாரக்காள் சரியாக அந்த நேரம் பார்த்துச் சட்டியைப் போடுவாள். சத்தக்காரி என்று பெயர் வந்த கதை இதுதான். ஊர் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும் என்று இருந்துவிட்டாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில் மண்ணைப் போட்டவர் கலைமணி டீச்சர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அம்மா. தறி வைத்திருக்கிற சின்னராஜ் கட்டுகிற மாடி வீட்டுக்கு அடுத்த வீடு அவருடையது. மொட்டை மாடியில் வடகம் பிழிந்து காயப்போட்டால் கருப்பனின் கரி வந்து அதன் மேல் உட்காரும். வெள்ளை வடகம் மத்தியானத்துக்குள் மிளகு வடகமாகிவிடும். டீச்சர் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு தட்டு நிறைய அந்த வடகத்தைக் கொண்டுவந்து இன்ஜினியர் இளவழகன் முன்னால் நீட்டி, “தின்னு பாருப்பா” என்றார். அந்தப் பையனும் மரியாதைக்கு ஒன்றை வாயில் போட்டான். மறுநாளே பேட்டரி பெட்டிக்குச் சொல்லிவிட்டான்.

“அக்கா, திங்கக்கிழமையிலிருந்து கருப்பன் வேண்டாம்” என்று மாரக்காளிடம் பெருமையாகச் சொன்னான் இளவழகன். “பேட்டரி பெட்டி வருது. ராத்திரி நம்ம ஆபீஸ்ல சார்ஜ் போட்டு எடுத்தாந்தா பகலெல்லாம் மெஷின் ஓடும். சடையண்ணந்தான் அதையும் பாத்துக்கப் போறாரு. டீசல் வேண்டாம், புகை கிடையாது, முக்கியமா சத்தமே வராது.”

மாரக்காள் தலையிலிருந்த சட்டி ஆடியது. “சத்தமே வராதுங்ளா?”

“சுத்தமா வராதுங்க்கா.”

“சித்த உறுமுமில்லீங்?”

“உறுமாதுங்க.”

“ஒரு ஙொய்யுனாச்சும்?”

“உள்ள சின்னதா ஒரு ஃபேன் இருக்குது. காதை வெச்சுக் கேட்டா லேசாக் கேக்கும்.”

“அந்த ஃபேனைப் பெருசாப் போட்டுத் தரச் சொல்லலாமுங்ளா?”

இளவழகன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, வெயில் அதிகம், நிழலில் உட்காருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனான்.

மாரக்காள் சும்மா விடுகிற ஆளா? முதலில் அப்புசாமி மேஸ்திரியைப் பிடித்தாள். அவர்தான் அங்கே தலைமைக் கொத்தனார், அவர் வேண்டாம் என்றால் இன்ஜினியரே யோசிப்பான். “மேஸ்திரியண்ணா, அந்தப் பெட்டி பக்கத்துல நின்னா தலைமுடியெல்லாம் கொட்டிப் போகுமாமுங்” என்றாள். மேஸ்திரி தலையிலிருந்த துண்டை அவிழ்த்தார். உள்ளே வழவழவென்று சூரியன் மின்னியது. “எனக்கு எதுக்கு அம்முணி அந்த வெசனம்?” என்று கேட்டுவிட்டுத் துண்டைத் திரும்பக் கட்டிக்கொண்டார்.

அடுத்தது டீச்சர் வீடு. வடகத்தை நானே பிழிந்து, ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் காயவைத்து, கையில் கொண்டுவந்து கொடுக்கிறேன் என்று கெஞ்சினாள். டீச்சர் மசியவில்லை. “வடகம் போனாப் போகுது மாரக்கா, காது! என் காது! நான் பேசறது எனக்கே கேக்கறதில்ல. ஒரு நாளாச்சும் என் வீட்டுல நான் நிம்மதியா உக்காரணுமா வேண்டாமா? சத்தமில்லாம இருந்தாப் போதும், சாமி!” என்றார். காரணத்தைச் சொல்ல முடியாதே, மாரக்காள் திரும்பி நடந்தாள்.

திங்கட்கிழமை கருப்பனைச் சின்ன டெம்போவில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். சடையன் அதன் முதுகைத் தட்டிக்கொடுத்து அனுப்பினான். அதே டெம்போவில் வந்து இறங்கியது பெட்டி. ஆரஞ்சு நிறம், நாலு சக்கரம், படுக்கவைத்த ஃப்ரிட்ஜ் அளவு. மேஸ்திரி வழக்கம்போலச் சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, பெட்டி மேலேயே தேங்காயை உடைக்கப் போனார். இளவழகன் ஐயோ அம்மா என்று குறுக்கே விழுந்து தடுத்தான்.

சடையன் அதற்குள் ஒரு கேனோடு பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். லாரியும் போர் போடுகிற ரிக் வண்டியும் ஓடுகிற நம்ம பக்கத்தில் பேட்டரி என்றால் மூடியைத் திருகி டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவது பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். காலையில் கடை திறந்ததும் வாங்கி வந்திருந்தான். ஊற்றத்தான் ஓட்டை அகப்படவில்லை. “மூடி எங்கீங் சார்?” என்றான்.

“இதுக்குத் தண்ணியே ஊத்தக்கூடாதுங்கண்ணா!”

“பாவமுங் சார், வாயில்லாத ஜீவன், வெயில் நேரம் வேற” என்றான் சடையன். இளவழகன் கேனை வாங்கித் தன் பைக்கில் மாட்டிக்கொண்டான்.

பொத்தானை அழுத்தினார்கள். விளக்கு எரிந்தது. துளை போடுகிற மெஷினும் கம்பி வெட்டுகிற மெஷினும் ஓடின. அவை ஓடும்போது கொஞ்சம் சத்தம், நிறுத்தினால் அமைதி. அப்படியொரு அமைதியை அந்தக் கூட்டம் கண்டதே இல்லை. எங்கேயோ ஒரு வீட்டில் குக்கர் விசில் அடித்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆனால் பழக்கம் லேசில் போகுமா? பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டே தலையைத் தட்டினார்கள், கட்டை விரலைச் சாய்த்தார்கள். கருப்பன் நிற்காததால் டீ நேரம் வந்ததே ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் மேஸ்திரிதான், பக்கத்தில் நின்ற ஆளின் காதில், தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார். “இன்னிக்கு டீ வருமா வராதா? அந்தாளு டீ வாங்கித் தர்றதுக்குள்ள பால் கறக்கற மாடே கெழடாயிரும்! அப்படியொரு கஞ்சப்பிசுனாரி!” எதிரே நின்றவன் மீசையை முறுக்கினான், முறுக்கினான், முறுக்கிக்கொண்டே இருந்தான். மேஸ்திரி திரும்பினார். மாடிப்படியில் ஓனர் சின்னராஜ் நின்றுகொண்டிருந்தார்.

“டீயோட வடையும் சொல்லியுட்டிருக்கறனுங் மேஸ்திரி” என்றார் சின்னராஜ், மெதுவாக. மேஸ்திரி அன்று முழுக்கக் கைச் சாடையோடு நிறுத்திக்கொண்டார்.

மாரக்காளுக்கு இதெல்லாம் காதில் விழுந்தால்தானே. அவள் கண் பூராவும் சடையன் மேல். பெட்டி பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான். இப்போது வாயைத் திறப்பான், இதோ திறந்துவிட்டான் என்று பதறிப் பதறி, அவன் பக்கமாகவே நடந்து சட்டியைப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒருமுறை அவன் வாயைத் திறந்தே விட்டான். உடனே கம்பி வெட்டுகிறவனிடம் ஓடி, “வெட்டு சாமி, வெட்டு!” என்றாள். “எதைங்க்கா வெட்டறது?” “எதையாச்சும் வெட்டு!” அவன் பயந்து ஒரு நல்ல கம்பியை இரண்டாக வெட்டிவிட்டான். சடையன் விட்டது கொட்டாவி.

சாயங்காலம் வரை அவன் பாடவே இல்லை. அப்பாடா, மாரியாத்தா காப்பாற்றினாள் என்று மாரக்காள் மூச்சு விட்டாள்.

மறுநாளும் பாடவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. சோற்றுப் போசியைத் திறந்து பாதியோடு மூடிவைத்தான். வீட்டுக்கு வந்தால் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். கூப்பிட்டால், “ம்” என்றான். இத்தனை வருஷமும் இவன் பாட்டு யார் காதிலும் விழக்கூடாது என்று உயிரை விட்டவளுக்கு, இப்போது அவன் பாடாதது தாங்கவில்லை. தெரிந்துவிட்டது, நோம்பியில் நடந்ததையெல்லாம் எவனோ சொல்லித் தொலைத்துவிட்டான், தன் குரலைப் பற்றி இவனுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தாள். நினைத்த மாத்திரத்தில் அவளுக்கு அழுகை வந்தது. அடுப்புப் பக்கம் திரும்பி அழுதுவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு, இதற்கு ஒரு வழி பண்ணாமல் விடுவதில்லை என்று எழுந்தாள்.

சத்தம்தானே வேண்டும்? பள்ளிபாளையத்தில் சத்தத்துக்கா பஞ்சம்! மறுநாள் வேலை முடிந்ததும், “கீரை வாங்கோணுமுங் மாமா, இந்தச் சந்து வழியா வாங்” என்று அவனைத் தறிப்பட்டறைத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். இரண்டு பக்கமும் விசைத்தறி. டக்டக் டக்டக் என்று தெருவே அதிர்ந்தது. கருப்பனுக்கு அண்ணன் தம்பி நூறு பேர் சேர்ந்த மாதிரி சத்தம். பாதித் தெரு போவதற்குள் சடையனின் நடை மெதுவானது. கழுத்து நிமிர்ந்தது. கண் தானாக மூடியது. உதடு மெல்ல அசைந்தது.

பாடுகிறான்! மாரக்காளுக்கு உயிர் வந்தது. கூடவே கோபமும் வந்தது. அவன் தோளைப் பிடித்து உலுக்கி, தறிச் சத்தத்துக்கு மேலே கத்தினாள். “ஏனுங் மாமா! இங்க பாடறீங்! அங்க ஏனுங் பாடறதில்ல?”

“என்ன?”

“அங்க ஏன் பாடறதில்லீங்?”

“அங்கதான் சத்தமில்லியே! எல்லாருக்கும் கேக்குமில்ல!” என்று அவனும் கத்தினான்.

“கேட்டா என்னுங்? எவன் என்ன சொன்னான்? உங்க கொரலப் பத்தி எவன் என்ன சொன்னான், சொல்லுங், அவன் மண்டைல சட்டியப் போடறேன்!”

“கொரலா? கொரலுக்கென்ன புள்ள, கொரல் நல்லாத்தான இருக்குது! அதில்ல!” சடையன் நெளிந்தான். அந்தக் கருத்த முகத்தில்கூட வெட்கம் தெரிந்தது. “இத்தன நாளா உனக்கு மட்டுந்தான் கேட்டுட்டிருந்துச்சு! நீயும் ஒவ்வொரு பாட்டு முடியறப்பவும் கரெக்டாச் சட்டியப் போட்டுத் தாளம் முடிச்சு வெப்ப! மத்தவிய முன்னாடி எப்படிப் பாடறது? மானம் போயிருமில்ல?”

“பாட்டுப் பாடுனா என்னுங் மானம் போகும்?”

சடையன் மூச்சை இழுத்து, நெஞ்சில் உள்ள காற்றையெல்லாம் சேர்த்து, அவள் காதுக்கு அருகே முழுத் தொண்டையில் கத்தினான்.

அந்நேரம் பார்த்துக் கரண்டு போனது. நிஜமாகவே போனது. தெருவிலிருந்த அத்தனை தறியும் ஒரே நொடியில் நின்றது. அந்த நிசப்தத்தில் சடையனின் குரல் மட்டும் தெருமுனை வரைக்கும் ஓடியது. “பாட்டு பூராவும் உன்ற பேருதான புள்ள இருக்குது! உன்னயப் பத்தித்தான பாடறேன்!”

ஒவ்வொரு பட்டறையிலிருந்தும் ஒவ்வொரு தலையாக வெளியே வந்தது. யாரோ விசில் அடித்தான். கீரைக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். சடையன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சந்துக்குள் ஓடினான். மாரக்காள் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள். ஒரு வார்த்தை கேட்டதில்லையே அவள்! காதில் விழக்கூடாது என்று தானே பாடுபட்டு மூடிய பாட்டு. வாலை மறைக்கப் போட்ட சட்டியைத் தாளம் என்று நினைத்துக்கொண்டு, இத்தனை வருஷமாக இந்தப் பைத்தியக்கார மனுஷன் தன் பெயரைப் பாடியிருக்கிறான். அவளுக்கு அவன் மேலும் தன் மேலும் ஒரே நேரத்தில் ஆத்திரமும் பாசமும் பொங்கியது. கீரை வாங்க மறந்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

தெருவுக்குத் தெரிந்தது விடிவதற்குள் ஊருக்குத் தெரியாமல் இருக்குமா? மறுநாள் காலையில் சடையன் பெட்டியை உருட்டிக்கொண்டு வரும்போதே மேஸ்திரி ஆரம்பித்துவிட்டார். “வாங்க மாப்ள! பாட்டெல்லாம் பலமாமா? எங்களுக்கெல்லாம் இல்லியா?” சுற்றியிருந்தவர்கள் ஓவென்று கத்தினார்கள். சடையன் தலையைக் குனிந்துகொண்டு பெட்டியைத் துடைக்க ஆரம்பித்தான். துடைத்த இடத்தையே துடைத்தான்.

மாரக்காள் ஜல்லிக் குவியல் பக்கம் நின்றிருந்தாள், சட்டி கையில் இருந்தது. பாடினால் சிரிப்பார்கள், நிச்சயம் சிரிப்பார்கள். பாடாவிட்டால் இவன் இப்படியே துடைத்துக்கொண்டு கிடப்பான்.

“மாமா, பாடுங்” என்றாள்.

“ஏ, சும்மாரு புள்ள.”

“பாடுங்கறேன்! என்ற பேரு நாலு பேரு காதுல உளுந்தா உளுகுட்டும். நான் என்ன திருட்டுப் பொண்டாட்டியா? பாடுங்!”

சடையன் அவளைப் பார்த்தான். எழுந்தான். துண்டை உதறித் தோளில் போட்டு, கண்ணை மூடி, பெட்டியின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு ஆரம்பித்தான்.

“சட்டி சொமக்கும் மாரக்கா
சாந்து கொளைக்கும் மாரக்கா
எட்டு மாடி ஏறினாலும்
எளைக்காத மாரக்கா...”

எண்ணெய் போடாத அந்தக் கீல் கிரீச்சிட்டது. டீச்சர் வீட்டு மாடியிலிருந்த காக்காய்க் கூட்டம் ஒட்டுமொத்தமாகப் பறந்தது. கலவை போட்டுக்கொண்டிருந்தவன் மண்வெட்டியைக் காலில் போட்டுக்கொண்டான். முதலில் மேஸ்திரிதான் பொறுக்கமாட்டாமல் வெடித்தார், அப்புறம் எல்லோரும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மணல் மேல் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். மாரக்காள் எதற்காக வாழ்நாளெல்லாம் பயந்தாளோ, அது நடந்தே விட்டது. சட்டியை இறுகப் பிடித்துக்கொண்டு புருஷன் முகத்தைப் பார்த்தாள்.

சடையன் கண்ணைத் திறந்தான். அத்தனை பேரும் சிரிப்பதைப் பார்த்தான். அவன் முகம் அப்படியே மலர்ந்தது. “பாத்தியா புள்ள! அந்த எட்டு மாடி வாரப்ப சிரிப்பாங்கன்னு எனக்குத் தெரியும்! அது சிரிப்புப் பாட்டுத்தான!” என்றான். மேஸ்திரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஐயோ, நிறுத்தாத மாப்ள, அடுத்ததப் பாடு” என்று கையெடுத்துக் கும்பிட்டார். சடையன் இன்னும் ஒரு கட்டை மேலே ஏற்றிப் பிடித்தான்.

“கருப்பன் போட்ட சத்தத்துல
கத்திச் சொன்னேன் மாரக்கா
காது குளுரக் கேட்டியான்னு
கேக்கலையே மாரக்கா...”

பக்கத்து வீட்டுக் கதவு படாரென்று திறந்தது. கலைமணி டீச்சர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மதில் ஓரமாக ஓடி வந்தார். தலைமுடி கலைந்து, மூக்குக் கண்ணாடி கோணிக் கிடந்தது.

“மாரக்கா! உனக்குப் புண்ணியமாப் போகும், அந்த ஜெனரேட்டரையே திரும்பக் கொண்டாந்து வைக்கச் சொல்லு! கரி விழுந்தா விழட்டும், வடகத்தை நான் கழுவித் தின்னுக்கறேன்!”

மாரக்காள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கன்னத்தில் வழிந்ததைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். முன்பெல்லாம் சட்டியை ஜல்லி மேல் போட்டவள், அந்தச் சத்தம் போதாது என்று இன்றைக்கு மணல் குவியல் ஓரத்தில் கிடந்த இரும்புத் தகடாகப் பார்த்துப் போய் நின்றாள்.

“சித்த பொறுங் டீச்சரம்மா, இன்னும் ஒரு அடி இருக்குது. என்ற பேரு இன்னொருக்கா வருமுங்” என்றாள். “நானு தாளம் போடோணும்.”

சடையன் உச்சிக்கு ஏறி, இறங்க வழி தெரியாமல் நின்று, ஒருவழியாக “மாரக்கா” என்று முடித்தான். அவள் சட்டியைத் தலைக்கு மேலே தூக்கி, தகட்டின் மேல் டங்கென்று போட்டாள்.